வழியிற் கிடைத்த இசை: ஆற்றுப்படை மரபும் பஞ்சமரபின் மீட்சியும்

1. ஆய்வுப் பொருள்

முன்பு கேட்டறியாத இசை ஒருவனை எவ்வாறு வந்து அடைகின்றது? ஆசிரியன்பால் முறையாகப் பயின்று அடைதல் ஒரு நெறி. தேடாத வேளையில் எதிர்ப்பட்டு அடைதல் மற்றொரு நெறி. முன்னையதைப் பற்றி நம் இசை நூல்களும் உரைகளும் விரியப் பேசும். பின்னையதை ஆராய்ந்தார் அரியர்; தற்செயல் என்று கூறி அவ்வளவில் அமைந்தாரே பலர். இன்று முகமறியாத ஒருவர் பரிந்துரைக்க, பெயரறியாத பாடலைக் கைப்பேசியிற் கேட்டு மகிழ்வார் எண்ணிறந்தோர். இப்பட்டறிவைத் தமிழ் மரபு முன்னரே அறிந்திருந்ததா? அறிந்திருந்ததாயின் நல்ல பரிந்துரைக்கு அது வகுத்த அளவுகோல் யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்டலே இக்கட்டுரையின் நோக்கம். இதற்குரிய சான்றுகளுட் சிறந்தன கொங்குநாட்டிலேயே கிடைத்தலின், அந்நாட்டைக் களமாகக் கொள்கின்றோம்.

எம் கருத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுதல் நலம். தற்செயல் தனித்து நின்று இசையைத் தாராது. முன்னொருவர் சுட்டிய சுட்டு நெஞ்சில் நிலைத்திருந்தாலன்றி, எதிர்ப்பட்ட பொருளை இன்னதென அறிதல் இயலாது. அறிந்த வழியும், அது ஏட்டளவில் நின்றுவிடின் இசையாகாது.

2. ஆற்றுப்படையின் இலக்கணம்

கூத்தர், பாணர், பொருநர், விறலி என்போர் வழியிடையே எதிர்ப்பட, பரிசில் பெற்று மீள்வோர் பெறாதார்க்குத் தாம் பெற்ற வளத்தைக் கூறி, அவரும் சென்று பயன்பெறுமாறு வழிகாட்டுதலைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் ஓதும். இவ்விலக்கணத்துள் இரண்டு கூறுகளை நோக்கல் வேண்டும். வழியில் எதிர்ப்படுதல் தற்செயல். பெற்றவன் சொல்லுதல் பரிந்துரை. இரண்டும் கூடியவிடத்தே ஆற்றுப்படை பிறக்கின்றது.

பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படையாக அமைந்தமை யாவரும் அறிந்ததே. அவற்றுள் பொருநராற்றுப்படையும் பெரும்பாணாற்றுப்படையும் யாழின் உறுப்புக்களை நுணுகி வருணிக்கும்; மலைபடுகடாம் கூத்தர் சுமந்து செல்லும் இசைக்கருவிகளை அடுக்கிக் கூறித் தொடங்கும். எதிர்ப்பட்டானது கருவியைக் கூர்ந்து நோக்கி, அவன் இன்னான் எனத் தெளிந்த பின்னரே வழி கூறப்படுகின்றது. கேட்பானது தகுதியறியாது வாரி இறைக்கும் பரிந்துரையை இம்மரபு அறியாது.

ஈண்டு ஒரு தடை எழும். ஆற்றுப்படை புரவலனைக் காட்டுகின்றதேயன்றிப் புதிய இசையைக் காட்டவில்லையே என்பது அது. உண்மையே. ஆயினும் யாம் கொள்வது காட்டப்படும் பொருளையன்று, காட்டும் முறையையே ஆகும். கண்டவனே கூறுதல், வழியின் அருமையையும் ஏதத்தையும் மறையாது கூறுதல், கேட்பானைத் தானே சென்று காணுமாறு விடுத்தல் என்னும் மூன்றும் அம்முறையின் கூறுகள். இவை எப்பொருளைக் காட்டும் பரிந்துரைக்கும் பொதுவாவன.

3. உரையாசிரியர் காட்டிய வழி

இம்முறை செய்யுளோடு ஒழிந்ததன்று. உரை நூலினுள்ளும் புகுந்து வாழ்ந்தது. சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் கொங்குநாட்டு நிரம்பை என்னும் ஊரினர் என்பர். அவ்வூரை விசயமங்கலத்தை அடுத்ததாகக் கருதுவர். கொங்குமண்டல சதகம் இவரைத் தம் நாட்டுப் புலவராகக் கொண்டு போற்றும். இவர் தம் உரைப்பாயிரத்தே, பெருநாரை, பெருங்குருகு முதலிய பண்டை இசை நூல்கள் இறந்துபட்டன என்று கூறுவர். முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் என்னும் நாடக நூல்களின் அழிவையும் குறிப்பர். பின்னர்த் தம் உரைக்குத் துணையாகக் கொண்டவற்றை இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் என எண்ணிக் கூறுவர்.

இப்பட்டியலை நூற்பெயர்த் தொகுதி என்றே பலரும் கொள்வர். யாம் இதனை ஓர் ஆற்றுப்படையாகக் கொள்கின்றோம். இறந்தன இவை, உள்ளன இவை, யான் சார்ந்தன இவை என மூவகைப்படுத்திக் கூறியமையே இதன் சிறப்பு. தாம் காணாததைக் கண்டார்போலக் கூறினாரல்லர். அரங்கேற்று காதை உரையில் மேற்கோள் காட்டும்போதும் இன்ன நூல் என்று சுட்டிச் செல்வர். வழிகாட்டுவோன் நேர்மைக்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

அச்சுட்டு அச்சேறிய வரலாற்றிலும் ஒரு தற்செயலும் ஒரு பரிந்துரையும் உள்ளன. 1880ஆம் ஆண்டில், கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், அங்குக் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையரைச் சீவக சிந்தாமணி முதலிய பழநூல்களைப் பயின்றதுண்டோ என வினவினார். பயின்றவற்றை எல்லாம் அடுக்கிக் கூறிய ஐயர்க்கு அவ்வினா ஒரு புது வழியைத் திறந்தது. 1887இல் சிந்தாமணியும், 1892இல் அடியார்க்குநல்லார் உரையோடு சிலப்பதிகாரமும் வெளிவந்தன. வினவியவர் சேலத்தார்; உரை வகுத்தவர் நிரம்பையார். பண்டை இசையைத் தமிழுலகம் மீண்டும் அறிந்தமைக்குக் கொங்குநாடு இருகாற் காரணமாயிற்று எனல் மிகையாகாது.

4. பெயர் முந்தியது, நூல் பிந்தியது

1892க்குப் பின் இசையாராய்ச்சியாளர்க்குப் பஞ்சமரபு என்பது ஒரு பெயரும் சில மேற்கோள்களுமாகவே நின்றது. 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரும், 1947இல் யாழ்நூலை அரங்கேற்றிய விபுலானந்த அடிகளும் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் பெருந்துணையாகக் கொண்டே தம் கணக்குகளை நிறுவினர். அடிகள் யாழ்நூல் அரங்கேறிய அவ்வாண்டிலேயே மறைந்தார். பஞ்சமரபு அச்சில் வந்த நாளில் அதனைக் கண்டு மகிழ அவர் இலர்.

கொங்குநாட்டில் ஏடுகளைத் தேடித் தொகுத்தவர் வே. ரா. தெய்வசிகாமணிக் கவுண்டர். அறிவனார் இயற்றிய பஞ்சமரபு 1970களில் அவரது பதிப்பாக வெளிவந்தது. இசை, முழவு, தாளம், கூத்து, அவிநயம் என்பவற்றின் மரபுகளை வெண்பாவாற் கூறும் அந்நூலை, 1991இல் வீ. ப. கா. சுந்தரம் உரை விளக்கத்தோடு மீண்டும் பதிப்பித்தார். கொங்குநாட்டு உரையாசிரியர் பெயர் சுட்டிய நூலைப் பல நூற்றாண்டு கழித்துக் கொங்குநாட்டார் ஒருவரே உலகிற்கு அளித்தமை நினைக்குந்தோறும் வியப்பளிப்பது.

ஏட்டுக் கட்டொன்று கைக்கு வருதல் தற்செயலாக இருக்கலாம். ஆயின் அக்கட்டினுள் இருப்பது பஞ்சமரபு என்று அறிதலும், அறிந்து போற்றுதலும் தற்செயலால் நிகழ்வன அல்ல. அடியார்க்குநல்லார் பெயர் சுட்டாதிருப்பின், கூத்தையும் தாளத்தையும் பற்றிய ஏதோ சில வெண்பாக்கள் என்ற அளவில் அவ்வேடு ஒதுக்கப்பட்டிருத்தலும் கூடும். அவர் எடுத்துக்காட்டிய மேற்கோள்கள் பின்வந்த பதிப்பாசிரியர்க்கு ஒப்புநோக்கும் உரைகல்லாகவும் பயன்பட்டன.

5. எழுத்து உண்டு, சுட்டு இல்லை

இதற்கு மறுதலையான சான்றும் கொங்குநாட்டிலேயே உள்ளது. ஈரோட்டை அடுத்த அறச்சலூர் மலைக்குகையில் உள்ள கல்வெட்டை 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகிற்கு அறிவித்தவர் புலவர் செ. இராசு. தமிழி எழுத்து வட்டெழுத்தாக மாறும் நிலையைக் காட்டும் அதனைக் கி.பி. 2 முதல் 4ஆம் நூற்றாண்டு வரை அறிஞர் பலவாறு கணிப்பர். அதன்கண் த, தை, தா, தே என்னும் அசைகள் வரிக்கு ஐந்தாக ஐந்து வரிகளில் அமைந்துள்ளன. இடமிருந்து வலமாகவும், வலமிருந்து இடமாகவும், மேலிருந்து கீழாகவும், கீழிருந்து மேலாகவும் படிப்பினும் அவ்வமைப்பு மாறாது. எழுத்துக்களை அமைத்தவன் வண்ணக்கன் தேவன் சாத்தன் என்னும் பெயரும் அங்கே உள்ளது.

ஆக்கியோன் பெயர் உண்டு. அசைகளும் சிதையாது உள்ளன. ஆயினும் அவை பாடற்கு உரியனவா, ஆடற்கு உரியனவா, முழவின் சொற்கட்டா என்பதில் ஆராய்வார் ஒருமுகப்படவில்லை. இவ்வசைகளை இவ்வாறு இசைக்க என்று வழிகாட்டும் உரை ஒன்றேனும் நமக்கு எய்தாமையே காரணம். பஞ்சமரபுக்கு நூல் வருமுன் சுட்டு வந்தது. அறச்சலூர்க் கல்லுக்குச் சுட்டு இன்றளவும் வரவில்லை. இரண்டையும் அருகருகே வைத்து நோக்கின், கண்டெடுத்தலினும் காட்டிக்கொடுத்தல் எத்துணை இன்றியமையாதது என்பது புலனாகும்.

6. ஏடும் குரலும்

சுட்டு இருந்தும் இசை கிட்டாத நிலையும் உண்டு. பரிபாடலின் பாட்டுக்களை அடுத்து, பாடினார் பெயரும், இசை வகுத்தார் பெயரும், பாலையாழ், நோதிறம், காந்தாரம் எனப் பண்ணும் குறிக்கப்பட்டுள்ளன. வழியின் பெயரை அறிவோம். நடந்து காட்டுவார் இலர்.

இவ்வுண்மையைத் தேவாரம் பற்றிய மரபுவழிக் கதையும் உணர்த்தும். திருமுறைகண்ட புராணத்தின்படி, தில்லையில் அடைபட்டுக் கிடந்த ஏடுகளைச் செல்லரித்தவை போக மீட்ட பின்னரும், பண்ணடைவு வகுக்கத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணையே நாட வேண்டியதாயிற்று. வரலாற்று நோக்கில் இக்கதையின் ஒவ்வொரு கூறையும் ஏற்றல் வேண்டா. ஏட்டிற் கண்டது குரலிற் சென்று முடிதல் வேண்டும் என்னும் கருத்தே நமக்கு வேண்டுவது.

இதனை எம் தவறொன்றாலும் விளக்கலாம். அறச்சலூர்க் கல்வெட்டைக் காணச் சென்றபோது, யாம் வழி வினவிய முதியவர் ஒருவர், எம் கையிலிருந்த குறிப்பேட்டை நோக்கி, “கல்லப் பாக்க இத்தனை தூரம் வந்தீங்க, ராத்திரி கோயில்ல உடுக்க அடிக்கறாங்க, அதையும் கேட்டுப்போட்டுப் போங்க” என்றார். அவர் சொற்படி அன்றிரவு தங்கி, அண்ணன்மார் கதையின் ஒரு பகுதியை உடுக்கடிப் பாட்டாகக் கேட்டோம். பொன்னரும் சங்கரும் படுகளம் செல்லும் பகுதியில் பாடகர் குரலை இறக்கி, உடுக்கையை ஓரிரு கணம் ஓயவிட்டு, மீண்டும் எடுத்த எடுப்பை அதற்குமுன் யாம் எங்கும் கேட்டதில்லை. விடியுமளவும் சொற்களை விரைந்து எழுதிக்கொண்டோம். ஊர் திரும்பி ஏட்டைப் பிரித்தபோது சொற்கள் அனைத்தும் இருந்தன, அவ்வெடுப்பு இல்லை. ஒலிப்பதிவுக்கு ஏற்பாடு செய்யாது சென்றது எம் பிழை. பரிபாடல் ஏட்டிற்கு நேர்ந்ததை ஓரிரவில் யாமே மீண்டும் நிகழ்த்தினோம்.

கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் கொங்குநாட்டுச் சிற்றூரில் தங்கி, இக்கதையைப் பாடகர் வாய்மொழியாகவே ஒலிநாடாவிற் பதிந்தார். நாம் ஏட்டுப் பதிப்பில் கருத்தூன்றியிருந்த காலத்தில் அவர் குரலையும் பேணினார் என்பதை நன்றியோடு கூறுதல் வேண்டும்.

7. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், நல்ல பரிந்துரைக்குரிய அளவுகோல் மூன்று எனத் துணியலாம். காட்டுவோன் தான் கேட்டதையே காட்டுதல்; அறிந்ததையும் அறியாததையும் அடியார்க்குநல்லார்போலப் பிரித்துரைத்தல்; கேட்பானை உயிர்க்குரல் உள்ளவிடத்திற்கே அனுப்புதல். இன்று கைப்பேசிச் செயலிகள், நாம் முன்பு கேட்டவற்றையும் நம்மை ஒத்தோர் கேட்டவற்றையும் கணக்கிட்டுப் புதிய பாடலை எடுத்து நீட்டுகின்றன. அவற்றாற் பயனில்லை என்பது எம் கருத்தன்று; பல நல்ல பாடல்கள் அவ்வழி நம்மை எய்துகின்றன. ஆயின் அவை பெற்று மீண்ட பாணர் அல்ல. கல்லைக் காண வந்தவனிடம் உடுக்கையைப் பற்றிக் கூறத் தோன்றியது, கூறியவர் அதனைக் கேட்டு நெஞ்சு கரைந்தவர் ஆதலின்.

முதுகலை மாணவர்க்கு ஒன்று கூறி அமைகின்றோம். களத்திற்குச் செல்வோர் பாடலோடு அதன் இசையையும் பதிந்து வருக. அதனைத் தமக்குக் காட்டியவர் யார் என்பதையும், அவர் இசைவு பெற்று, குறித்து வைக்க. நம் ஆய்வேடுகளில் பாடியவர் பெயர்தானும் இடம்பெறாமை உண்டு. வழிகாட்டியவரைக் குறித்தல் அதனினும் அரிது. எமக்கு வழிகாட்டிய முதியவர் பெயரை யாமும் கேட்டறிந்தோமில்லை.