‘மரக்கலங்களும் இரும்பு மனிதரும்’ : ஒரு நோக்கு

எஸ். கிரெய்க் ரெய்லர் வடிவமைத்து 1974 இல் அமெரிக்காவில் முதன்முதல் வெளிவந்து, பின்னர் அவலொன் ஹில் நிறுவனத்தின் பதிப்பாற் பரவலான ‘வுடன் ஷிப்ஸ் அன்ட் அயன் மென்’ என்னும் பலகை விளையாட்டு, பாய்க்கப்பற் காலக் கடற்போரைப் பொருளாகக் கொண்டது. ‘மரக்கலங்களும் இரும்பு மனிதரும்’ என்பது அப்பெயரின் பொருள்.

காற்றைப் போரின் முதற்காரணியாகக் கொண்டமை இதன் தலையாய சிறப்பாகும். கப்பலின் வேகம் காற்றின் திசையைப் பொறுத்து மாறும். இரு தரப்பினரும் தத்தம் நகர்வுகளை மறைவாக எழுதிவைத்து, ஒரே வேளையில் நிறைவேற்றுவர். எதிரியின் எண்ணத்தை ஊகித்தே கட்டளையிடவேண்டிய தளபதியின் இக்கட்டு இதனால் ஆடுவோர்க்கு அனுபவமாகிறது. மாறி மாறிக் காய்நகர்த்தும் சதுரங்கத்தில் இவ்வனுபவம் வாய்ப்பதில்லை.

எனினும், பெயரிலுள்ள ‘மனிதர்’ ஆட்டத்தினுள் எங்ஙனம் இடம்பெறுகின்றனர் என்பது ஆராயத்தக்கது. ஒவ்வொரு கப்பலுக்குமுரிய பதிவுத்தாளில் கப்பலுடல், பாய்மரம், பீரங்கி, மாலுமியர் ஆகிய யாவும் கட்டங்களாகவே உள்ளன. மரத்தின் சேதமும் மனிதரின் சாவும் ஒரே வகைக் கோட்டினால் அடிக்கப்படுகின்றன. மாலுமியரின் தரத்தை விதிகள் கணக்கிற் கொள்வது உண்மையே. ஆயின், அது போர்த்திறனின் அளவு மட்டுமே. பிரித்தானியக் கடற்படையிற் பலர் பலவந்தமாகப் பிடித்துச் சேர்க்கப்பட்டனர் என்பதும், பகைவரின் குண்டினும் நோயே மிகுதியானோரைக் கொன்றது என்பதும் வரலாறு. இவற்றுக்குப் பலகையில் இடமில்லை. தளபதியின் நிலையினின்று மட்டும் கடலை நோக்கியமையே இக்குறைபாட்டின் காரணம் எனலாம்.