ஒரு முகப் படத்தை எப்படிப் பார்ப்பது?

யாரோ ஒருவரின் முகப் படம் கைக்கு வந்தால் முதலில் ‘இது யார்?’ என்று கேட்கிறோம். பெயர் தெரிந்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். தெரியாத முகமாக இருந்தால் அழகு, வயது, ஊர் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். படம் எடுத்த அந்த நொடியில் அந்த முகம் என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்ப்பதில்லை. அப்படிப் பார்க்கக் கற்றுக்கொள்ள ஒரு நல்ல வழி இருக்கிறது. ஓர் உளவியல் பேராசிரியர் எடுத்த, சேர்த்த, வகைப்படுத்திய படங்களோடு கொஞ்ச நாள் பழகுவதுதான் அது.

பால் எக்மன் 1934-ல் வாஷிங்டனில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே கேமராவின் மேல் ஆசை. பதினான்கு வயதில், மனநோயால் துன்பப்பட்ட தாயைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தார். உளவியல் பக்கம் தன்னைத் திருப்பியது அந்த இழப்புதான் என்று பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் 2004 வரை பேராசிரியராக இருந்தார். கேமரா ஆசையும் உளவியல் படிப்பும் அவரிடம் ஒரே வேலையாயின. எதை ஆராய்ந்தாலும் படத்தில் தொடங்கினார், எதைக் கற்றுக்கொடுத்தாலும் படத்தை வைத்தே கற்றுக்கொடுத்தார்.

அவரைத் தேடிப் போகிறவர்கள் பப்புவா நியூ கினி படங்களில் தொடங்குவது நல்லது. 1967-லும் 1968-லும் அவர் அந்நாட்டின் மலைப்பகுதியில் வாழ்ந்த ஃபோரே மக்களிடம் போனார். சினிமா, பத்திரிகை, தொலைக்காட்சி எதுவும் எட்டாத மக்கள். முகபாவங்களை ஒவ்வொரு சமூகமும் தன் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறது, ஆகவே அவை ஊருக்கு ஊர் மாறும் என்பதே அன்று மானுடவியலில் ஓங்கியிருந்த கருத்து. மார்கரெட் மீட் போன்ற பெரிய பெயர்கள் அந்தப் பக்கம் இருந்தன. எக்மனும் முதலில் அதுவே சரியாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்.

ஃபோரே மக்களிடம் மொழிபெயர்ப்பாளர் ஒரு சிறு கதையைச் சொல்வார். குழந்தை இறந்துவிட்டது, நண்பர் வந்திருக்கிறார், சண்டைக்குப் போகப் போகிறான், இப்படி. பெரியவர்கள் முன் மூன்று படங்களும் சிறுவர்கள் முன் இரண்டும் வைக்கப்படும். கதைக்கு உரிய முகத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். 189 பெரியவர்களும் 130 சிறுவர்களும் இதில் பங்கெடுத்தார்கள். பெரும்பாலான கதைகளுக்கு அவர்கள் காட்டிய முகமும் அமெரிக்கர்கள் எதிர்பார்க்கும் முகமும் ஒன்றாகவே இருந்தன. ஆனால் அச்சத்தையும் வியப்பையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. பிறகு அதே கதைகளுக்கு ஃபோரே மக்களையே முகம் காட்டச் சொல்லிப் படம் பிடித்தார். அமெரிக்க மாணவர்கள் அந்த முகங்களை அடையாளம் கண்டார்கள், அவர்களும் அச்சத்திலும் வியப்பிலும்தான் தடுமாறினார்கள். அந்தப் பயணங்களின் படங்கள் 1980-ல் ‘தி ஃபேஸ் ஆஃப் மேன்’ என்ற புத்தகமாக வந்தன.

இந்தப் படங்களைப் பார்க்கும்போது உடையும் அணிகலன்களும் கண்ணை இழுக்கும். அவற்றைப் பார்த்து முடித்துவிடுங்கள். அதன்பின் ஒரு கையால் படத்தின் கீழ்ப்பாதியை மறையுங்கள். மூக்குக்குக் கீழே எதுவும் தெரியக் கூடாது. இப்போது புருவங்களையும் இமைகளையும் மட்டும் பாருங்கள்.

துயரத்தில் புருவங்களின் உள்முனைகள், அதாவது மூக்கை ஒட்டிய முனைகள், மேலே ஏறுகின்றன. நெற்றியின் நடுவில் சிறு மடிப்புகள் விழுகின்றன. இதை வேண்டுமென்றே செய்யக்கூடியவர்கள் குறைவு. இப்போதே கண்ணாடி முன் நின்று முயன்று பாருங்கள், பெரும்பாலோருக்குப் புருவம் முழுவதும் சேர்ந்துதான் ஏறும். அதனால்தான் ஒரு படத்தில் இந்த ஏற்றம் தென்பட்டால் நான் அங்கேயே நின்றுவிடுவேன். வாய் அழாமல் இருக்கலாம், உதடு புன்னகைத்துக்கொண்டுகூட இருக்கலாம். புருவத்தின் உள்முனை வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

அச்சமும் வியப்பும் முதலில் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டிலும் கண் விரிகிறது. வியப்பில் புருவம் வளைந்து உயர்கிறது, தாடை தளர்ந்து வாய் திறக்கிறது. அச்சத்தில் உயர்ந்த புருவங்கள் ஒன்றையொன்று நோக்கி இழுபடுகின்றன, கீழிமை இறுகுகிறது, உதடுகள் காதை நோக்கிப் பக்கவாட்டில் நீள்கின்றன. கோபத்தைப் பார்க்க இப்போது மேல்பாதியை மறையுங்கள். கோபம் வளரத் தொடங்கும்போதே உதடுகளின் சிவந்த பகுதி மெலிந்துவிடும். தனக்குக் கோபம் வருவதை அந்த மனிதர் உணர்வதற்கு முன்பே இது நேரலாம் என்கிறார் எக்மன்.

சிரிப்புக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-ல் வெளியிட்ட நூலில், முகத் தசைகளை மின்சாரத்தால் இயக்கி எடுத்த புகைப்படங்கள் உள்ளன. உதட்டோரத்தை மேலே இழுக்கும் தசையை மட்டும் இயக்கினால் சிரிப்பு வருகிறது, ஆனால் மகிழ்ச்சி வருவதில்லை என்று அவர் கண்டார். மகிழ்ச்சிக்குக் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் அசைய வேண்டும். டார்வின் 1872-ல் தன் நூலில் அவருடைய படங்களைப் பயன்படுத்தினார். அதன்பின் நூறாண்டுக்கு மேல் பலரும் கவனிக்காமல் விட்ட இந்தச் சிரிப்புக்கு எக்மனும் அவருடன் ஆய்ந்தவர்களும் ‘டுஷேன் புன்னகை’ என்று பெயரிட்டு மறுபடி முன்னே கொண்டுவந்தார்கள்.

இதைக் கண்டுபிடிக்கக் கண்ணோரச் சுருக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். வாய்விட்டுச் சிரித்தாலே கன்னம் உயர்ந்து அந்தச் சுருக்கம் வந்துவிடும். புருவத்துக்கும் மேலிமைக்கும் இடையே உள்ள தோலைப் பாருங்கள். கண்தசை சேர்ந்து இயங்கும்போது அது சற்றே கீழிறங்கும். நம் வீட்டுக் கல்யாண ஆல்பம் இதற்கு ஏற்ற பாடநூல். மேடையில் வரிசையாக நிற்கும் படங்களை விட்டுவிடுங்கள். பந்தியிலும் வாசலிலும் யாரும் கவனிக்காதபோது எடுத்த படங்களுக்குப் போங்கள். அங்கே இந்தத் தோல் மடிப்பு அடிக்கடி கிடைக்கும்.

எக்மனின் பார்வை எவ்வளவு பொறுமையானது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். மருத்துவமனையில் இருந்த ஒரு பெண் நோயாளி, தேறிவிட்டதாகச் சொல்லி வார இறுதியில் வீட்டுக்குப் போக அனுமதி கேட்டார். பிறகு, உயிரை மாய்த்துக்கொள்ளவே அப்படிக் கேட்டதாக அவரே ஒப்புக்கொண்டார். அவர் பேசிய படச்சுருளை எக்மனும் அவருடைய சகா வாலஸ் ஃப்ரீசனும் மறுபடி மறுபடி ஓட்டினார்கள். சாதாரண வேகத்தில் எதுவும் தெரியவில்லை. மெதுவாக ஓட்டியபோது, எதிர்காலத்துக்கு என்ன திட்டம் என்று மருத்துவர் கேட்ட இடத்தில், இரண்டே ஃப்ரேம்களில், முகம் முழுவதும் கடும் வேதனை வந்து மறைந்தது. உடனே அதை ஒரு புன்னகை மூடிவிட்டது. ஒரு நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். இதைப் படித்தபின் எந்த நிலைப்படத்தையும் என்னால் அவசரமாகக் கடக்க முடிவதில்லை. நம் முன் இருக்கும் படம் அந்த இரண்டு ஃப்ரேம்களில் ஒன்றாகவும் இருக்கலாம், அதை மூடிய புன்னகையாகவும் இருக்கலாம்.

பார்த்தது போதாதென்றால் செய்து பாருங்கள். எக்மனும் ஃப்ரீசனும் முகத்தின் ஒவ்வொரு தசை அசைவுக்கும் எண் கொடுத்து 1978-ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். அதை உருவாக்கிய ஆண்டுகளில் ஒருவர் எதிரே ஒருவர் உட்கார்ந்து தம் முகத்தையே அசைத்துப் பார்த்தார்கள். துயர முகத்தையும் கோப முகத்தையும் பயின்ற நாட்களில் மனமும் கனத்துப்போனதை உணர்ந்தார்கள். அதைத் தொடர்ந்து நடந்த ஆய்வு, தசைகளை மட்டும் அசைத்தாலும் இதயத் துடிப்பு மாறுகிறது என்று 1983-ல் காட்டியது. ஆகவே படத்தில் உள்ள முகத்தை நீங்களும் போட்டுப் பாருங்கள். அரை நிமிடம் அப்படியே வைத்திருங்கள். கண்ணுக்குப் பிடிபடாத ஏதோ ஒன்று தோலுக்குப் பிடிபடும்.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், அதில் எனக்குத் தயக்கமில்லை. முகத்தைப் பார்த்து மனதைத் திறந்துவிடலாம், பொய்யரைப் பிடித்துவிடலாம் என்று இந்த ஆய்வுகளின் பெயரில் பரப்பப்படும் நம்பிக்கை தவறானது. கண்தசையை வேண்டுமென்றே அசைக்கப் பலராலும் முடியும் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. 2016-ல் டிரோப்ரியண்ட் தீவுகளில் நடந்த ஆய்வில், நாம் அச்சம் என்று படிக்கும் முகத்தை அங்குள்ளவர்கள் மிரட்டும் முகம் என்று படித்தார்கள். லிசா ஃபெல்ட்மன் பாரட் போன்ற உளவியலாளர்கள் எக்மனின் அடிப்படைக் கருத்தையே மறுக்கிறார்கள். எக்மனேகூட, முகம் உணர்ச்சியைக் காட்டலாம், அதன் காரணத்தைக் காட்டாது என்று திரும்பத் திரும்பச் சொன்னவர். அப்பாவியின் முகத்திலும் அச்சம் வரும். தன்னை நம்பமாட்டார்களோ என்ற அச்சம் அது.

ஆகவே படத்தின் முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் தெரியாது என்று ஒப்புக்கொண்டு பாருங்கள். 2003-ல் வந்த ‘எமோஷன்ஸ் ரிவீல்ட்’ நூலுக்காக எக்மன் தன் மகளையே உட்காரவைத்து ஏராளமான படங்கள் எடுத்தார். அழுகையோ அலறலோ அவற்றில் இல்லை. இமை லேசாகத் தாழ்ந்தது, உதடு லேசாக இறுகியது என்ற அளவில்தான் மாற்றங்கள். பெரிய உணர்ச்சிகளைவிடத் தொடங்கும் உணர்ச்சிகளைப் பார்க்கப் பழக்குவதால், அவர் தந்த படங்களில் இவற்றையே நான் மேலாக வைப்பேன். நூலகத்தில் அந்தப் புத்தகம் கிடைத்தால் முதலில் எழுத்தைப் படிக்காதீர்கள். அந்தப் படங்களை மட்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு நிமிடம் கொடுத்துப் பாருங்கள்.