பன்னீராயிரப்படியும் கற்பார்க்கு வேண்டும் தெளிவும்

திருவாய்மொழிக்கு அமைந்த ஐந்து வ்யாக்யானங்களில் வித்வத்கோஷ்டிகள் விரும்பி வாசிப்பது ஈடு முப்பத்தாறாயிரப்படி. வாதிகேஸரி அழகியமணவாளச் சீயர் அருளிய பன்னீராயிரப்படியோ, ஏதேனும் ஒரு பதத்திற்குப் பொருள் தேட மட்டும் திறக்கப்பெற்று, உடனே மூடி வைக்கப்பெறுகிறது. 32 அக்ஷரம் கொண்டது ஒரு படி என்னும் கணக்கில் அது ஈட்டில் மூன்றிலொரு பங்கு. அளவைக் கொண்டு தரத்தை நிர்ணயிக்கும் வழக்கம் வ்யாக்யான உலகிலும் புகுந்தது வருந்தத்தக்கது.

அதை இயற்றியவர் பெரியவாச்சான்பிள்ளையின் திருமடைப்பள்ளியில் பணி செய்திருந்தவர். எழுத்தறியாத அந்நாளில், சாஸ்த்ரம் பேசிக்கொண்டிருந்தவர்களை அணுகி, என்ன க்ரந்தம் என்று கேட்டார். ‘முஸலகிஸலயம்’ என்று அவர்கள் பரிஹஸித்தார்கள். உலக்கைக்குத் தளிர் ஏது? அந்த அவமானத்தோடு வந்து விழுந்தவரை ஆசார்யன் தாமே கற்பித்து வித்வானாக்கினார் என்பது பூர்வர்கள் சொல்லிவந்த வ்ருத்தாந்தம். அவர் பாசுரந்தோறும் பதப்பொருள் உரைத்தது தற்செயலாகத் தோன்றவில்லை. கல்லாதவன் எந்த இடத்தில் நிற்பான் என்பதைக் கற்றவர் மறந்துவிடுவது வழக்கம், அவர் மறக்கவில்லை.

ஈடு காலக்ஷேபத்தில் பிறந்தது. எதிரே அமர்ந்திருந்தவர்களுக்குப் பாசுரம் வாய்க்கு வரும். பதப்பொருளும் பெரும்பாலும் தெரியும். ஆகவே அது சங்கைகளிலும் பரிஹாரங்களிலும், ஆசார்யர்களின் நிர்வாஹங்களிலும், ஐதிஹ்யங்களிலும் விரிகிறது. அந்தச் சுவைக்கு ஈடு வேறில்லை. ஆனால் ஆரம்பிப்பவன் அதைக் கையிலெடுத்தால், பாசுரத்தின் எழுவாய் எது, வினை எது என்று அறியாமலே ரஸத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவான்.

இது ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியில் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. அங்குள்ள ஸ்ரீவைஷ்ணவர் பலர்க்கு வீட்டு மொழி தெலுங்கு, சிலர்க்குக் கன்னடம். சிப்காட் ஆலைகளில் ஷிப்ட் முடித்து வந்து அமர்பவனுக்குக் கிடைப்பது ஒரு நாழிகை. இத்தகையோரை உத்தேசித்து இக்காலத்தில் எழுதப்பெறும் ‘எளிய’ உரைகள் வடசொற்களைக் களைவதையே எளிமை என்று கொள்கின்றன. ‘ஸௌலப்யம்’ என்றிருந்ததை ‘எளிவரும் தன்மை’ என்று மாற்றினால், ‘சுலபம்’ என்று நாள்தோறும் பேசுகிற தெலுங்கனுக்குத் திறந்திருந்த வாசலையும் அடைத்ததாகும். அவன் இடறுவது பாசுரத்தின் தமிழில்: எச்சம் எங்கே போய் முடிகிறது, தொக்கு நிற்கும் வேற்றுமை யாது என்பதில். அதற்கு மருந்து பதவுரை. மணிப்ரவாளத்தை உரித்தெடுப்பதால் அது தீராது.

எனினும் வடசொல்லை அப்படியே விட்டால் போதும் என்பதும் பிழை. ‘அநுமானம்’ தெலுங்கில் சந்தேகம். சாஸ்த்ரத்தில் ஹேதுவால் பெறும் நிச்சயம். ‘அவஸரம்’ தெலுங்கில் தேவை, தமிழ்ப் பேச்சில் விரைவு, வ்யாக்யானத்தில் ஸமயம். ‘சேஷம்’ என்றால் எவனுக்கும் மிச்சம் என்றே தோன்றும். ஜீவன் சேஷபூதன் என்பதை அவன் எப்படிக் கொள்வான்? தெரியாத சொல்லைப் பற்றி மாணாக்கன் கேட்பான். தெரிந்ததுபோல் நிற்கும் சொல்லைப் பற்றிக் கேட்க மாட்டான். உரைகாரன் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் இதுவே. இக்கால உரைகள் பெரும்பாலும் உறங்குவதும் இங்கேதான்.

ஓசூரையடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜியின் ‘சக்கரவர்த்தித் திருமகன்’ இங்கு உதாரணமாகக் காட்டப்பெறுவதுண்டு. 1958இல் சாஹித்ய அகாதெமி பரிசு பெற்ற அந்நூலின் தெளிவை மறுப்பார் இல்லை. ஆனால் கதையை எடுத்துச் சொல்பவன் வேண்டாததை விடலாம். உரைகாரனுக்கு ஒரு பதத்தையும் விட அதிகாரமில்லை. கடினமான பதத்தின்மேல் பக்திப் பெருக்கைத் தெளித்து நகர்ந்துவிடும் உரை, கதையின் சுதந்திரத்தைத் திருடிக்கொண்ட உரை.

மணவாளமாமுனிகள் உபதேசரத்தினமாலையில் பன்னீராயிரப்படியைக் கொண்டாடுமிடத்து, பின்வருவோரும் கற்றுணர்ந்து தாமே பேசவல்லராவதை அதன் பயனாகக் காட்டுகிறார். கேட்டு மகிழ்வதோடு அவர் நிறுத்தவில்லை. இந்த அளவுகோலை வைத்தால் அண்மைக்கால எளிய உரைகளில் எத்தனை தேறும்? ஓசூரில் ஒருவன் ஒரு பாசுரத்தை உரையோடு வாசித்து, புத்தகத்தை மூடிவிட்டு, தன் வீட்டாருக்குத் தெலுங்கில் அதன் பொருளைப் பதம் விடாமல் சொல்லிப் பார்க்கட்டும். அவன் தடுக்கும் பதத்திலிருந்து உரையைத் திருத்தத் தொடங்கலாம்.