வானத்துக்கு ஒரு வெளிச்சம், தண்ணீருக்கு ஒரு வெளிச்சம்

நிலக்காட்சிப் படத்தில் வானத்தை மட்டும் இருட்டாக்குவதும் பாறையை மட்டும் தூக்கிக் காட்டுவதும் கணினி கொண்டுவந்த பித்தலாட்டம் என்பவர்கள், புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸின் இருட்டறையை எட்டிப் பார்க்காதவர்கள். 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தருகே சாலையோரம் நின்று அவர் எடுத்த நிலவெழுச்சிப் படத்துக்கு இருப்பது ஒரே நெகட்டிவ். கல்லறைச் சிலுவைகள் மேலிருந்த வெயில் விலகிவிட்டதால் இரண்டாவது வாய்க்கவில்லை. 1948இல் அந்த நெகட்டிவின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் ரசாயனத்தால் அடர்த்தி ஏற்றினார். ஆரம்பப் பிரதிகளில் வானத்தில் மெல்லிய மேகங்கள் தெரியும். பிற்காலப் பிரதிகளில் வானம் ஏறக்குறையக் கறுப்பு. மாலை இரவாகிவிட்டது. சிலுவைகள் நிலவொளியில் மின்னுவதாகவே தோன்றும். உண்மையில் அது மேற்கே சாய்ந்துகொண்டிருந்த சூரியனின் வேலை.

இது ஏமாற்றா? இல்லை என்பேன். ஒளி வந்த திசை கெடாமல் அதன் ஏற்ற இறக்கத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்.

இப்படித் திருத்துவதற்கு நியாயமும் உண்டு. பளிச்சிடும் மேகத்திலிருந்து நிழல் விழுந்த பள்ளத்தாக்குக்கு இறங்கும்போது கண் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கேமராவுக்கு மொத்தக் காட்சிக்கும் ஒரே எக்ஸ்போஷர்தான். முழுப் படத்துக்கும் ஒரே ஸ்லைடரைத் தள்ளினால், வானத்தைக் காப்பாற்றப் போய்த் தரையைப் பறிகொடுப்போம்.

வேலை சுலபமானதும்தான் வினை தொடங்கியது. 2021 முதல் லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் ஒரே சொடுக்கில் வானம் தனியே தேர்வாகிறது. பிரஷ்ஷால் மலைவிளிம்பைத் தடவித் தடவி, திருத்தவேண்டிய பகுதியை மட்டும் பிரிக்கும் மாஸ்க் போட்ட காலத்தில், அந்தச் சலிப்பே இது தேவையா என்று கேட்க வைக்கும். இன்று வானம் தனி அழகு, அருவி தனி அழகு, முன்னால் கிடக்கும் பாறையும் தனி அழகு. மூன்றும் ஒரே சூரியனின் கீழ் இருந்தவையாகத் தெரிவதில்லை. சிகரத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுவது கைப்பழக்கத்தில் தீர்ந்துபோகும் குறை. ஒளி முரண்படுவது அப்படியல்ல. கை தேறத் தேற அது கூடத்தான் செய்கிறது.

ஏரி உள்ள படத்தில் இதைச் சோதிக்கலாம். மேலே விழும் ஒளியில் ஒரு பகுதியைத் தண்ணீர் உள்ளே வாங்கிக்கொள்கிறது. எனவே பிரதிபலிப்பு, அது காட்டும் வானத்தைவிடப் பிரகாசமாக இருக்க முடியாது. ஆனால் வானத்தை மட்டும் இறக்கிய படங்களில் ஏரி வானத்தை மிஞ்சி ஜொலிக்கும். மாஸ்க்கில் ஏரி இல்லையே! (லென்ஸின் முன் செருகும், மேற்பாதி மட்டும் கறுத்த ஃபில்டரும் இதே பிழையைச் செய்ததுண்டு, போதாக்குறைக்கு மலையுச்சியையும் கறுக்கடிக்கும்.)

பகுதித் திருத்தத்தை விட்டுவிடச் சொல்லமாட்டேன். வானத்தைத் தொட்டால் அதன் கீழிருக்கும் தண்ணீரையும் தொடுங்கள். முடியாதென்றால் இரண்டையும் கேமரா தந்தபடியே விட்டுவிடுங்கள்.