மறைநூலும் மரபும்

வீரமாமுனிவரின் உரைநடை நூல்களுள் 1728ஆம் ஆண்டினதாகிய வேதவிளக்கம், இலக்கிய வரலாறுகளில் ஓரிரு வரிகளில் சுட்டப்பட்டு ஒதுக்கப்படுவது. சமயப் பூசலில் எழுந்த கண்டன நூல் என்னும் எண்ணமே இதற்குக் காரணம் ஆகலாம். அப்பூசல் பற்றி அறிஞர் பெரிதும் எடுத்துரைக்கும் செய்தி ஒன்றே: தரங்கம்பாடி லூத்தரன் குருமார் வெளியிட்ட விவிலியத்தின் தமிழை முனிவர் கடுமையாக எள்ளினார் என்பது. இதனை நடை பற்றிய வழக்காகவே பலரும் கொள்வர். அங்ஙனம் கொள்ளுதல் சாலாது. கிறித்தவர் தம் வழிபாட்டுக்கும் ஒழுகலாற்றுக்கும் எதனைப் பிரமாணமாகக் கொள்வது என்னும் வினாவே அவ்வெள்ளலின் அடியில் கிடப்பது. அதனை விளக்குதலே ஈண்டு நோக்கம்.

இருதிறத்தார் கொள்கையையும் முதற்கண் வரையறுத்தல் வேண்டும். திருத்தந்தையரும் சங்கங்களும் பிழைபடுதல் கூடும். ஆகலின் மறைநூலே இறுதிப் பிரமாணம் என்பது 1521இல் உவோர்ம்சு மன்றத்தில் மார்ட்டின் லூத்தர் நின்ற நிலை. இறையுண்மை எழுதிய நூல்களிலும் எழுதா மரபுகளிலும் அடங்கியுள்ளது. இரண்டையும் ஒத்த பற்றுடன் ஏற்றல் வேண்டும் என்பது 1546இல் திரிதெந்து பொதுச்சங்கம் விதித்தது. இவ்வேறுபாட்டை ‘நூலா, வழக்கா’ எனச் சுருக்குவோர் உளர். அது பொருந்தாது. 1530ஆம் ஆண்டின் அவுக்சுபர்க்கு அறிக்கை, நற்செய்திக்கு மாறுபடாத சபை வழக்கங்களைக் கைக்கொள்ள உடன்படுகின்றது. அவற்றை மீட்புக்கு இன்றியமையாதன என விதித்தலையே மறுக்கின்றது. நேர்விதி மறைநூலில் வெளிப்பட இல்லாத குழந்தைத் திருமுழுக்கை லூத்தரன் சபையார் விடாது போற்றினர். எனவே வழக்கு உண்டா என்பதன்று வினா; வழக்கை அளக்கும் கோல் யார் கையது என்பதே வினா.

இவ்வினா தமிழில் புதுவடிவம் பெற்றது. 1706இல் தரங்கம்பாடி போந்த சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1715இல் அச்சிட்டு முடித்தார். அருள், விசுவாசம், பாவம் முதலிய கருத்துக்களுக்குச் சொல் தேர்தலே அன்று பெருஞ்செயலாக இருந்தது. நூலொன்றே பிரமாணம் எனின், அயன்மொழி அறியாத தமிழ்க் கிறித்தவன் கைக்கொள்ளும் பிரமாணம் அத்தமிழ்ச் சொற்களே ஆகும். சொல் தடுமாறின் பிரமாணமும் தடுமாறும். முனிவரின் எள்ளல் தைத்த இடம் இதுவே. செந்தமிழ்ப் புலவரின் செவிச்சுவை மட்டும் அதற்குக் காரணமாகாது.

இவ்வாதத்தை எடைபோடத் தமிழிலக்கணமே கோல் தருகின்றது. மொழிபெயர்ப்பைத் தொல்காப்பிய மரபியல் வழிநூல் வகைகளுள் ஒன்றாக வைக்கின்றது. அவ்விதிப்படி தரங்கம்பாடி விவிலியம் வழிநூலே. முதனூலின் தகுதி முழுதும் அதற்கு உரியது எனல் இயலாது. இவ்வளவில் முனிவர் கட்சி வலிது. ஆயின் வழிநூலின் குற்றம் முதனூலைச் சாராது. அன்றியும், முதனூலோடு ஒப்புநோக்கி வழிநூலைத் திருத்தலாம். 1772இல் வெளிவந்த பப்ரிசியசின் புதிய ஏற்பாடு அங்ஙனம் திருத்தமுற்ற ஒன்று. தம் கொள்கை தம் மொழிபெயர்ப்பையே மீண்டும் மீண்டும் ஆராயுமாறு லூத்தரன் குருமாரைத் தூண்டியது. இது முனிவரின் வாதம் காணாது விட்ட பக்கம்.

முனிவர் நின்ற நிலையை அவர் காப்பியத்திலும் காணலாம். 1726இல் முடிந்த தேம்பாவணி 36 படலங்களில் 3,615 பாடல்களால் சூசையப்பரைப் பாடுவது. நற்செய்தி நூல்களிலோ அவர் வரலாறு மிகச் சுருக்கம். அவர் வாய்மொழியாக ஒரு சொல்லும் அங்குப் பதிவு பெறவில்லை. காப்பியத்தின் பெரும்பகுதி திருச்சபை மரபிலும், இசுபானியத் துறவி ஆகிரேதா மரியாள் நூல் முதலியவற்றிலும் வேர்கொண்டது. மரபுக்கு மதிப்பில்லை எனின் தேம்பாவணி வெறும் புனைவாய் நிற்கும். வேதவிளக்கத்தில் உரைநடையால் காத்ததையே முனிவர் தேம்பாவணியில் செய்யுளால் நிலைநாட்டினார் எனலாம். இரண்டையும் வேறு வேறாகப் பயிலும் நம் முறை மாறுதல் நன்று.

எஞ்சி நிற்பது ஒரு வலிய தடை. மறைநூல் இத்தனை என்னும் பட்டியல் மறைநூலுள் இல்லை. அதனைத் தொகுத்தது சபையே என்பர் கத்தோலிக்கர். சபை அவற்றின் தகுதியை உணர்ந்து ஏற்றதேயன்றித் தகுதியை அளித்ததன்று என்பர் சீர்திருத்தச் சபையார். எட்டுத்தொகையைத் தொகுத்தார் அப்பாடல்களுக்குப் பெருமை அளித்தாரல்லர் என்பதை நாம் அறிவோம். தொகுத்தார் இன்றேல் அவை நம் கைக்கு வந்திரா என்பதையும் அறிவோம். ஆயினும் இவ்வுவமை ஓரெல்லை வரையே செல்லும். தொகையுள் ஒரு பாடலைச் சேர்த்தலும் விடுத்தலும் எவர் ஒழுக்கத்தையும் கட்டுப்படுத்துவதில்லை. மறைநூலிலோ அது கட்டுப்படுத்தும். இறந்தோர்க்காக வேண்டுதல் தகும் என்பதற்குக் கத்தோலிக்கர் காட்டும் சான்று மக்கபேயர் நூலில் உள்ளது. அந்நூல் சீர்திருத்தச் சபையார் பட்டியலில் இல்லை.

பின்னாளில் இருபாலும் அணுகி வந்தன. மறைநூலும் மரபும் ஒரே இறை ஊற்றினின்று பிறப்பன என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் மொழிந்தது. 1995இல் இருதிறத்தாரும் கூடி உழைத்த பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வெளிவந்தது. முனிவர் காலத்து மொழிப்பூசல் அதனில் அடங்கிற்று. பட்டியற் பூசலோ அடங்கவில்லை. கத்தோலிக்கர் கூடுதலாக ஏற்கும் நூல்கள் ‘இணைத் திருமுறை’ என்னும் பெயரால் குறிக்கப்படுகின்றன. சைவர் தம் அருள்நூல் தொகைக்கு இட்ட ‘திருமுறை’ என்னும் பெயரே இங்குக் கைகொடுத்தமை கருதத்தக்கது. சொல்லில் உடன்பாடு எய்தியோர் அளவுகோலில் இன்னும் வேறுபட்டே நிற்கின்றனர். அவ்வேறுபாட்டின் தமிழ்த் தொடக்கத்தை அறிய விழைவார்க்கு, வேதவிளக்கம் கண்டன நூல் எனத் தள்ளத்தக்கதன்று. பிரமாண ஆராய்ச்சி நூலெனப் பயிலத்தக்கது.