குடத்துக்குள் விழுந்த பெயர்கள்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுவர் ஒரு நூல். ஏட்டிலே எழுதப்படாமல் கல்லிலே வெட்டப்பட்ட நூல். புலவர் பாடிய நூலல்ல. ஊர்ச்சபை கூடி முடிவு செய்த நூல். அதனைக் கண்டோர் பலர். கொண்டாடுவோர் அதனினும் பலர். வரிவரியாகப் படித்தோர்தாம் சிலர். 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 10 அன்று, புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவிலே, பிரதமர் மோடியும் அந்தக் கல்வெட்டைச் சுட்டிப் பேசினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கு மக்களாட்சி மலர்ந்தது என்று மேடைதோறும் முழங்குகின்றனர். முழங்கட்டும்! நாம் படிப்போம், தோழர்களே.

முதற் பராந்தக சோழன் காலத்திலே, 919-இல் ஒன்றும் 921-இல் ஒன்றுமாக வெட்டப்பட்டவை இவ்விரு கல்வெட்டுகள். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர், குலுக்கினர், எடுத்தனர். வந்த 30 பேரில் 12 பேர் ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். இதுவே குடவோலை.

குடத்துக்குள் விழும் தகுதி யாருக்கு? 921-ஆம் ஆண்டு விதி விடை கூறுகிறது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையிலே கட்டிய வீடு வேண்டும். அகவை 35-க்கு மேல், 70-க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். பிறர்க்குக் கற்பிக்கவும் வேண்டும். நிலம் அரைக்கால் வேலியே ஆயினும், ஒரு வேதத்தை உரையோடு எடுத்துரைக்க வல்லானுக்கு இடமுண்டு. நிலத்தின் குறையை வேதம் நிரப்பலாம். வேதத்தின் குறையை எத்தனை வேலி நிலமும் நிரப்பாது! அது சதுர்வேதிமங்கலம், பார்ப்பனர்க்கு அளிக்கப்பட்ட பிரமதேய ஊர். அங்கே ஏரி வாரியம் இருந்தது. ஏரியின் மண்ணைச் சுமந்தவன் பெயர் ஏறுதற்கு ஓர் ஓலை இல்லை. பெண்ணின் பெயருக்கும் இல்லை.

இந்த அளவிலே கண்டித்து நிறுத்திவிடுதல் எளிது. நம்மில் பலர் அவ்வாறே நிறுத்துகின்றனர். ஆயின் கல்வெட்டின் நுட்பம் இதற்கு அப்பால்தான் இருக்கிறது.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை இடலாகாது என்கிறது விதி. பாராட்டுவோம், இன்றைய பதவியாளர் சிலரை அச்சுவர் முன் நிறுத்திப் படிக்கச் சொல்லவும் ஆசைதான். ஆனால் விதி அவனோடு நிற்கவில்லை. அவன் தந்தை, மகன், உடன்பிறந்தான், சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மைத்துனன், மகளை மணந்த மருமகன் என உறவுப் பட்டியலே நீள்கிறது. அத்தனை பேர்க்கும் தடை! பெரும்பாதகம் புரிந்தவனுக்கும் அவ்வாறே. அவன் சுற்றத்தார்க்கும் தடை. மாமன் விழுங்கிய பணத்துக்கு மருமகன் என்ன செய்வான் என்று நாம் கேட்கிறோம். சபை அவ்வாறு கேட்கவில்லை. அதன் கண்ணுக்குத் தனிமனிதன் என ஒருவன் தென்படவே இல்லை. ஒருவனைத் தொட்டால் ஒரு குடும்பத்தைத் தொட்டதாகும். ஒருவன் நடத்தையிலே அவன் கூட்டத்தின் நடத்தை தெரியும் என்பதே அதன் கணக்கு.

அநீதியான கணக்கு. எனினும் முற்றும் பொய்யான கணக்கு என்று கூற என் மனம் இசையவில்லை. ஒருவன் தன் விருப்பென்று எண்ணுவதிலே பெரும்பகுதி அவன் கூட்டம் அவனுக்கு ஊட்டியதுதான். யாரோடு உண்பது, யாரைக் கண்டால் எழுவது, யார் எழாவிடில் சினப்பது — இவற்றை எவனும் தனியே அமர்ந்து ஆராய்ந்து முடிவு செய்வதில்லை.

அது சோழர் காலம், மறைந்துவிட்டது என்பாரை மதுரை மாவட்டத்துக்கு அழைக்கிறேன். 1996-இல் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. ஓலை இல்லை, வேதத் தேர்வு இல்லை. அரசியல் சட்டம் இருந்தது, வாக்குச் சீட்டு இருந்தது. விளைவு? மனுச் செய்ய ஆளில்லை. அல்லது ஆதிக்கச் சாதியார் நிறுத்திய ஒருவர் வென்று, வென்ற கையோடு பதவியைத் துறந்தார். துறந்தவரின் கை கையெழுத்திட்டது. அக்கையை அசைத்தது ஊர். அவரைக் கோழை என்று ஏசுவது பேதைமை. அவரைத் துறக்க வைத்தவர்களைத் தனித்தனியே பார்த்தாலும், வீட்டிலே அன்பான தந்தையராகவும் வயலிலே உழைப்பாளியராகவும் இருந்திருப்பர். ஊராய்க் கூடியபோது ஒரே குரல். பத்தாண்டு கழித்து, 2006-இலேதான் அங்கு முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் அமர்ந்தனர். அரசு உறுதி காட்டியது, அலுவலர்கள் வீடுவீடாய்ப் பேசினர். அதே மக்கள் அதே ஊரில் வாக்களித்தனர்.

உத்திரமேரூர்ச் சபையும் மாறாமல் இருந்ததன்று. 919-இல் 30 முதல் 60 என்று வகுத்த அகவையை, இரண்டே ஆண்டில் 35 முதல் 70 என்று திருத்தியது, விதிகளையும் விரித்தது. கல்லிலே வெட்டியதைத் திருத்த நாணவில்லை அவர்கள். தம் கூட்டத்துக்கு வெளியே ஓர் ஓலை எழுதத்தான் கை எழவில்லை.

இறுதியாக ஒன்று. குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் யார்? நம்பிமார் கூடியிருக்கின்றனர், மூத்தவர் ஒருவர் குடத்தை உயர்த்திப் பிடிக்கிறார், எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்குகிறான், அதனை எல்லோரும் கேட்கப் படிக்கிறான். வேதம் கற்ற சபை முழுதும் அங்கே நிற்கிறது. ஆனாலும் குடத்துக்குள் நுழையும் கை அவர்களில் எவர் கையும் அன்று. ஏதும் அறியாத ஒரு சிறுவன் கை. வளர்ந்த ஒருவன் தன் கூட்டத்தை மறந்து ஓலை எடுப்பான் என்று அந்தப் பெரியோர் தம்மையே நம்பவில்லை. அச்சிறுவனும் வளர்ந்து, வேதம் கற்று, நிலம் பெற்று, 35 அகவை கடந்தபின் அவன் பெயர் குடத்துக்குள் விழும். அன்று ஓலை எடுக்க அவர்கள் வேறொரு சிறுவனைத் தேடுவர்.