பட்டையோடு கடைந்த மரக்கிண்ணம்: எப்படி ரசிப்பது?

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்திலிருந்து குதிரமாளிகைக்கு நடந்தே போய்விடலாம். அங்கே கூரையடியில் வரிசைகட்டி நிற்கும் 122 மரக்குதிரைகளைப் பார்த்தவருக்கு மரவேலையின் உச்சம் எது என்பதில் ஐயமே எழாது. மரம் முழுக்க முழுக்க உளிக்குப் பணிந்திருக்கிறது. அந்தக் கண்ணோடு வந்து, பச்சை மரத்தைப் பட்டையோடு கடைந்த ஒரு கிண்ணத்தைக் கையில் எடுத்தால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். விளிம்பு மேலும் கீழுமாக ஏறி இறங்குகிறது. சொரசொரப்பான பட்டை அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாய் வட்டமாகவும் இல்லை. பாதியில் விட்ட வேலை என்றே பலர் நினைப்பார்கள். அப்படி நினைப்பவர்கள் வட்டத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். இந்த வகைக் கிண்ணத்தில் விளிம்பின் வடிவம் மரத்தின் பொறுப்பு. கடைபவரின் திறமை முழுவதும் சுவரின் கனத்தில் இருக்கிறது. பார்வையை விளிம்பிலிருந்து சுவருக்கு நகர்த்துவதே இதை ரசிப்பதற்கான வழி.

ஏன் சுவர் என்பதற்கு, கிண்ணம் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். வெட்டிய ஈரம் காயாத கட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுக்குருத்தை ஒதுக்கிவிட்டு, பட்டைப் பக்கம் வாயாகவும் பிளந்த பக்கம் அடியாகவும் வரும்படி லேத்தில் மாட்டுவார்கள். கட்டையின் முதுகு உருண்டையானது. அதை ஒரு வட்டம் வெட்டும்போது, நார் ஓடும் திசையில் இருக்கும் இரண்டு ஓரங்கள் முதுகின் உச்சியில் விழுந்து உயர்ந்து நிற்கும். குறுக்கே இருக்கும் இரண்டு ஓரங்கள் முதுகின் சரிவில் விழுந்து தாழும். குதிரைச் சேணம் போன்ற அந்த நெளிவு கடைபவர் வரைந்த கோடு அல்ல. அந்தக் கிளை எவ்வளவு பருமனாக இருந்தது, எங்கே புடைத்தது, எங்கே கணு விட்டது என்பதன் பதிவு அது. இந்த நெளிவினாலேயே வேலை கடினமாகிறது. கிண்ணம் சுழலும்போது விளிம்புப் பகுதியில் உளி ஒரு கணம் மரத்தையும் மறுகணம் வெற்றுக் காற்றையும் சந்திக்கிறது. காற்றில் உளி சற்றே முன்னே சாய்ந்தால், அடுத்து வரும் மரம் அதைத் தட்டிவிடும், பட்டை தெறிக்கும். உளியை மரத்தின் மேல் சாய்த்து நிறுத்த முடியாத இடத்தில், கையின் நிதானம் மட்டுமே அதை நேர்கோட்டில் கொண்டுபோகிறது.

இதைவிட முக்கியமானது ஈரம். பச்சை மரத்தில் செல்களுக்குள் நீர் நிரம்பியிருக்கும். சில மரங்களில் அந்த நீரின் எடை காய்ந்த மரத்தின் எடையையும் மிஞ்சும். ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை மரம் சுருங்குவதில்லை. அதன் பிறகு சுருங்கும், ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அல்ல. வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நாரின் நீளவாக்கிலோ பெரும்பாலான மரங்களில் 0.1 முதல் 0.2 சதவீதம்தான். ஆகவே வட்டமாகக் கடைந்த கிண்ணம் காயக் காயக் குறுக்கே ஒடுங்கி, நாரின் திசையில் நீண்ட முட்டை வடிவம் கொள்ளும். இந்த அசைவை யாராலும் தடுக்க முடியாது; அது வெடிப்பாகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளலாம். சுவர் எங்கும் ஒரே கனமாகவும் மெல்லியதாகவும் இருந்தால் எல்லா இடமும் ஏறத்தாழ ஒன்றாகக் காய்கிறது, மரம் வளைந்து கொடுக்கிறது. ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருந்தால், மெலிந்தது முதலில் காய்ந்து இழுக்க, தடித்தது இன்னும் ஈரத்தோடு இழுவைக்கு இணங்காமல் நிற்க, நடுவில் வெடிக்கிறது. விளிம்பை இறுதிக் கனத்துக்குக் கொண்டுவந்த பிறகே கீழே இறங்க வேண்டும். மெலிந்த விளிம்பு லேத்திலிருக்கும்போதே காய்ந்து அசையத் தொடங்கிவிடும் என்பதால், திரும்பி வந்து திருத்தும் வாய்ப்பு கிடையாது.

அதனால் கிண்ணத்தைக் கையில் எடுத்ததும் கட்டைவிரலை உள்ளேயும் சுட்டுவிரலை வெளியேயும் வைத்து, விளிம்பிலிருந்து அடிவரை மெல்ல இறக்குங்கள். விரல்களுக்கு இடையிலான தூரம் மாறாமல் இருக்கிறதா? பெரும்பாலும் தவறு நடப்பது சுவர் வளைந்து அடியாகும் திருப்பத்தில்; அங்கே ஒரு தடிப்பு தென்பட்டால் கடைபவர் அந்த இடத்தில் தயங்கியிருக்கிறார். உயர்ந்த ஓரத்தின் கனமும் தாழ்ந்த ஓரத்தின் கனமும் ஒன்றாக இருந்தால், காற்றில் உளி பிடித்த கை தேர்ந்தது. பிறகு வெளிச்சத்தில் சாய்த்து, உயர்ந்த ஓரங்களுக்குக் கீழே நார் குறுக்காக வெட்டுப்பட்ட இடத்தைப் பாருங்கள். அங்கே உளி மழுங்கியிருந்தால் நார் பிய்ந்து சொரசொரப்பாக இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அதை மறைப்பது எளிதல்ல.

அடுத்தது நிறம். பட்டைக்கு உள்ளே வெள்ளை, அதற்கும் உள்ளே வைரம் என்பது தச்சர்கள் எல்லாரும் அறிந்த வரிசை. தச்சுவேலையில் வெள்ளையைச் சீவித் தள்ளுவார்கள். இங்கே பட்டையை வைத்துக்கொள்வதால் வெள்ளையும் கூடவே வருகிறது. விளிம்பின் நெளிவைத் தொடர்ந்து ஒரு வெளிர்க் கீற்றாகக் கிண்ணத்தைச் சுற்றி ஓடுகிறது. பலாவில் இது மிக அழகு. புதிதாகக் கடைந்த பலாவின் வைரம் பளீரென்ற மஞ்சள். புத்த பிக்குகளின் உடைக்குச் சாயம் தந்ததும் அந்த நிறமே. வெளிச்சம் படப்பட அது பழுப்பாகி ஆழ்ந்துபோகும். வெள்ளை அவ்வளவு மாறாது. ஆகவே பலாக் கிண்ணத்தை வாங்கிய நாளின் நிறத்தை வைத்து மதிப்பிட வேண்டாம். தேக்கு வேறு வகை. அதன் வளையங்கள் தெளிவானவை. கிண்ணத்தின் உள்ளே அடிமையத்தைச் சுற்றி நீள்வட்டங்களாக அவை விரிந்து, விளிம்பை நெருங்க நெருங்க அதன் நெளிவுக்கு இணையாகின்றன. அந்த நீள்வட்டங்கள் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் கட்டையை மாட்டும்போதே சமன் தவறியது என்று பொருள். மாமரம் திருவனந்தபுரத்து ஈரக்காற்றில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சை இழுத்த கரிய கோடுகள் சில கிண்ணங்களில் மை தீட்டியதுபோல ஓடும். இப்படிப் பூஞ்சை பட்ட மரத்தையும் இயல்பான விளிம்பையும் கலைப்பொருளாக நிலைநிறுத்தியவர்களில் அமெரிக்காவின் மெல் லிண்ட்குவிஸ்ட், அவர் மகன் மார்க் இருவரும் முக்கியமானவர்கள். கோடுகளை ரசிக்கலாம், நகம் பதிந்தால் மட்டும் மரம் உளுத்துவிட்டது, வேண்டாம்.

இதற்கெல்லாம் மறுப்பு உண்டு, வலுவான மறுப்பு. வளைந்துபோனதை அழகு என்பது குறையைக் கொண்டாடுவது ஆகாதா? நம் நாட்டுக் கடைசல் மரபே காய்ந்த மரத்தையும் சுத்தமான வட்டத்தையும் அடிப்படையாகக் கொண்டது. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள், கர்நாடகத்துச் சன்னபட்டணப் பொம்மைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சுழலும் மரத்தின் மேல் அரக்கை அழுத்தி, உராய்வின் சூட்டில் நிறத்தை ஏற்றுகிறார்கள். மரம் பிறகு அசைந்தால் அரக்கு உரியும், சிமிழின் மூடி இறுகும். மிருதங்கத்துக்கான பலாக் கட்டையும் அப்படியே. வாய் கோணினால் நாதம் கெடும். இவற்றில் காய்ந்த மரம் தேவை, வட்டமும் தேவை. ஆனால் அந்தத் தேவை மூடியாலும் தோலாலும் வருவது. கடைசலின் இயல்பிலிருந்து வருவதல்ல. மூடியே இல்லாத பாத்திரத்துக்கு அந்தக் கட்டாயம் எதற்கு? இங்கிலாந்தில் பக்கிள்பரி பொதுநிலத்தில், காலால் மிதிக்கும் லேத்தில் பச்சை எல்ம் மரத்தைக் கடைந்துகொண்டிருந்தார் ஜார்ஜ் லெய்லி. ஒரே கட்டையிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாகப் பல கிண்ணங்களை எடுப்பார். 1958-ல் அவர் இறக்கும்வரை அந்தத் தொழில் நடந்தது. அவர் கிண்ணங்களும் காய்ந்து கோணியிருக்கின்றன. அவற்றை வாங்கியவர்கள் அன்றாடம் புழங்கினார்கள். கோணல் அங்கே குறையாக எண்ணப்படவில்லை.

இரண்டாவது மறுப்பு பயன்பாடு பற்றியது. கேரளத்துச் சமையலறைகளில் உப்புக்கும் தயிருக்கும் மரவைகள் இருந்தன. அவை வேலை செய்த பாத்திரங்கள். பட்டை விளிம்புள்ள கிண்ணத்தில் ரசம் ஊற்ற முடியாது, கழுவினால் பட்டை ஊறும். இதை ஒப்புக்கொள்ள வேண்டும்: பழமும் பூவும் வைக்கலாம், அதற்கு மேல் இல்லை. ஆனாலும் இந்த வேலைக்கு உகந்த மரங்களுக்குச் சமையலறையோடு உறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஹவாய்த் தீவினர் உணவு வைக்கும் மரக்கிண்ணங்களைச் செய்த மரங்களில் மிலோவும் கமானியும் உண்டு. மிலோ நம் பூவரசு, கமானி நம் புன்னை. குளக்கரையிலும் கடலோரத்திலும் நாம் நிழலுக்கு வைத்திருக்கும் இந்த இரண்டையும், கிண்ணத்துக்கென்றே தேர்ந்தெடுத்துச் செதுக்கிய மக்கள் இருந்திருக்கிறார்கள். பூவரசின் செம்பழுப்பு வைரமும் வெளிர் வெள்ளையும் பட்டை விளிம்புக்கு அளவெடுத்ததுபோலப் பொருந்தும். மழைக்காலத்துக்கு முன் மின்கம்பிக்காக வெட்டித் தள்ளும் கிளைகளும், அறுவை மில் ஒதுக்கும் கவட்டைகளும் இந்த வேலைக்குப் போதும். விறகாகப் போவதற்கு அது எவ்வளவோ மேல்.

மூன்றாவது மறுப்பில்தான் உண்மை அதிகம்: பட்டையே எல்லா வேலையையும் செய்துவிடுகிறது, கடைபவர் செய்ய ஒன்றுமில்லை, பார்ப்பவர் முரட்டு அழகில் மயங்கிவிடுகிறார். பல கிண்ணங்களுக்கு இது பொருந்தும். சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒரு துணியால் விளிம்பை மூடிவிட்டு, மிச்சமிருக்கும் பக்கவாட்டு வளைவை மட்டும் பாருங்கள். அடியிலிருந்து அது தடங்கலின்றி எழுகிறதா, அல்லது நடுவில் தட்டையாகி, பிறகு திடீரென்று திரும்புகிறதா? அடிப்பாதம் கிண்ணத்தின் அகலத்துக்கு ஏற்ப ஒடுங்கியிருக்கிறதா, அல்லது லேத்தில் பிடித்த கட்டை அப்படியே விடப்பட்டிருக்கிறதா? விளிம்பை மூடிய பிறகும் கிண்ணம் அழகாக இருந்தால் அது நல்ல வேலை. இல்லாவிட்டால் பட்டை வெறும் ஒப்பனை. பட்டையைப் பற்றியும் ஒன்று: வேகமாக வளரும் பருவத்தில் வெட்டிய மரத்தில் பட்டை சுலபமாகக் கழன்றுவிடும், வளர்ச்சி ஓய்ந்திருக்கும்போது வெட்டினால் பிடித்து நிற்கும். முழுக்கப் பட்டை நின்றாலும் சரி, முழுக்கக் கழன்று உள்தோல் தெரிந்தாலும் சரி. அங்கங்கே பெயர்ந்து, பசையால் ஒட்டியது பளபளவென்று தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

வெள்ளையில் மாவுச்சத்து இருப்பதால் வண்டு விழும் என்பதும் பொய்யல்ல. கிண்ணத்தை ஒரு காகிதத்தின் மேல் சில நாள் வைத்துப் பாருங்கள். கீழே பொடி உதிர்ந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கும்போது எந்த மரம், எந்த மாதம் வெட்டியது, வெட்டி எத்தனை நாளில் கடைந்தது என்று மூன்றையும் கேளுங்கள். தன் கையால் கடைந்தவருக்கு மூன்றுக்கும் பதில் தெரியும். முடிந்தவரை அவரிடமே வாங்குங்கள்.